கழுத்தில்லாத அன்னம்

இன்று காலை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அரைக்கிலோ சங்கரா மீன் வாங்கினேன். விற்ற அம்மா பைக்குள் ஐஸ் தூளைப் போட்டு, மேலே ஒரு கை கல்லுப்பையும் தூவினார். "வூடு போற வரைக்கும் ஜில்லுன்னு இருக்கும் சார்" என்றார். ஸ்கூட்டரை நிறுத்திய இடம் வரை வந்துதான் சிரித்தேன். நீ கூட இருந்திருந்தால் அந்த அம்மாவிடமே என் மானத்தை வாங்கியிருப்பாய்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் உன் ஐஸ் ஆலை. மீன் வரத்தைப் பற்றிப் பேப்பருக்கு எழுத வரும் நான், வெயிலுக்கு அங்கே ஒதுங்குவேன். அப்படித்தான் நாம் சிநேகிதர்கள் ஆனோம். ஐஸ் ஏன் கெட்டியாக நிற்கிறது, தண்ணீர் ஏன் ஓடுகிறது என்று ஒருநாள் கேட்டேன். நீ மாதா கோயில் பக்கம் கையைக் காட்டினாய்.

"பூசையில வரிசையா உக்காந்திருக்கிற சனம் ஐஸு. தேர் பின்னாடி நெருக்கிக்கினு போற சனம் தண்ணி. தேர் முடிஞ்சு ஆளுக்கொரு தெருவுல கலையுது பாரு, அது ஆவி."

"அப்ப சூடு?"

"சாமியார் பிரசங்கத்த நீட்டினா உக்காந்த எடத்துலயே சனம் நெளியுமே, அதான்யா சூடு."

பள்ளிப் பாடம் எனக்கு அன்றுதான் புரிந்தது. உட்கார்ந்த துகளும் சும்மா இருப்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கிறது. சூடு ஏற ஏற அசைவு கூடுகிறது. ஒரு கட்டத்தில் வரிசை கலைகிறது.

பிறகு உன் ஒரே மகளின் கல்யாணம் வந்தது, மே மாதத்தில். மாப்பிள்ளை வீட்டார் பிரான்சிலிருந்து வருகிறார்கள். வரவேற்பு மேசையில் ஐஸால் செய்த அன்னம் நிற்கும் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய். மூன்று வாரம் உளியும் கையுமாக இருந்தாய். முதல் அன்னம் கூஜாவைப் போல இருந்தது. இரண்டாவதைப் பார்த்து உன் மனைவி, "கோழிக்கு இன்னாத்துக்கு இம்மாம் நீட்டுக் கழுத்து?" என்று கேட்டார். மூன்றாவது நிஜமாகவே அன்னம். வளைந்த கழுத்து, ஒடுக்கிய சிறகு. அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

கல்யாணத்தன்று மத்தியானம் வழக்கம்போல உமியும் கோணியும் போட்டு அதை மூடினாய். நான்தான் குறுக்கே புகுந்தேன். "கழுத்து மெலிசா இருக்கு. சுத்தி ஐஸ் தூளும் உப்பும் போடு. இன்னும் ஜில்லுன்னு இருக்கும்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நானே பேப்பர்ல எழுதியிருக்கேன்யா."

எழுதியது உண்மைதான், சுற்றி ஐஸும் உப்பும் போட்டுக் கையால் கடையும் ஐஸ்கிரீமைப் பற்றி. அதை நம்பி, கழுத்தைச் சுற்றியிருந்த உமியை நீயே வழித்தெடுத்தாய்; ஐஸ் தூளும் உப்பும் போட்டு மூடினோம்.

மண்டபத்தில் விருந்தினர் வரத் தொடங்கியபோது கோணியைப் பிரித்தோம். கழுத்து இல்லை. தலை இல்லை. சிறகு இருந்த இடத்தில் இரண்டு துடுப்பு. அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரில் விரலை விட்டேன். வலிக்கும் அளவுக்குக் குளிர்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உப்பு ஐஸை உருக வைக்கிறது. வரிசையை விட்டுப் பிரிய ஒவ்வொரு துகளுக்கும் சூடு வேண்டும். சுற்றி உள்ளதிலிருந்து அந்தச் சூட்டை எடுத்துக்கொள்வதால்தான் அந்தத் தண்ணீர் அவ்வளவு குளிர்கிறது. குளிர்வதும் கரைவதும் ஒன்றாகவே நடக்கின்றன. நான் குளிர்வதை மட்டும் எழுதியிருந்தேன்.

உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீ உளியை எடுத்து முன்பக்கம் ஒரு வாயைக் கீறினாய், ஒரு கண்ணைக் குடைந்தாய், வாலை இரண்டாகப் பிளந்தாய். மணக்கோலத்தில் வந்த மகள் மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அப்பா, அன்னம் எங்க?"

"அன்னத்த யாரும்மா பாத்தா? வஞ்சிரம்னா நாலு பேருக்குத் தெரியும்."

அவள் சிரித்த சிரிப்பில் ஜடையிலிருந்த பூ உதிர்ந்தது. சம்பந்தி கைதட்டி "பிராவோ" என்றார். அன்று எல்லாரும் அந்த மீன் பக்கத்தில் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும் கிலோ என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்னம் எப்படி மீனானது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் முதலாண்டு நினைவுப் பூசைக்கு மகள் வந்திருந்தாள். பூசை முடிந்து கோயில் வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். "வண்டியில வரும்போது அப்பா கைபட்டுக் கழுத்து ஒடஞ்சிடுச்சாம் சித்தப்பா. கடைசி வரைக்கும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு" என்றாள்.

இத்தனை வருடமும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறாய். என் செய்தியில் பிழை இருந்தால் மறுநாளே திருத்தம் போட்டுவிடுவேன். இந்த ஒன்றைத்தான் விட்டுவைத்திருந்தேன். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உப்பு எத்தனை கை என்பது உட்பட.

கண்ணில் நீர் வர அவள் சிரித்தாள். பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கணவனிடம் நிறுத்தினாள். "நம்ம வஞ்சிரத்தச் செஞ்சவரு இவருதான்!"

அந்தத் தவறு இனி உன் பெயரில் இல்லை. என் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்டேன். சுமக்க நன்றாகத்தான் இருக்கிறது.