நாற்பத்தொரு சிவப்பு அம்புகள்

கடலில் எங்கோ மிதந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் சுகம். உங்கள் இருமல் நின்றதா? போனில் கேட்டால் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று ஒரே பதில், அதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது எனக்கு இன்னொரு வசதி.

உங்கள் கதை வந்து சேர்ந்தது. பத்திரிகை ஆசிரியர் அதோடு இணைத்துத் திருப்பி அனுப்பிய சீட்டும் வந்தது. 'கதை இருக்கிறது. கதை நடக்கும் இடம்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. திருத்தி அனுப்பினால் மறுபடி படிக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேலே நீங்கள் எழுதியதையும் பார்த்தேன். 'கிழித்துக் குப்பையில் போடு. எண்ணெய்க் கைக்கு எழுத்து வராது.' உங்களுக்குக் கோபம் வந்தால் குப்பைத்தொட்டிதான் முதலில் நினைவுக்கு வரும். பத்துக் கதைகளுக்குப் பதிலே வரவில்லை. பதினோராவது கதைக்கு யாரோ ஒரு மனிதர் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதியிருக்கிறார். அதைப் போய்க் கிழிப்பேனா?

கிழிக்கவில்லை, கம்பெனிக்கு எடுத்துப்போனேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் செக்கிங் பிரிவுப் பெண்கள் ஆறு பேரை உட்கார வைத்து உரக்கப் படித்தேன். என்ஜின் அறையில் வேலை பார்க்கும் ஒருவன் பல வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான், அவ்வளவுதான் கதை. நான்காவது பக்கத்திலேயே பக்கத்து மேசைக்காரி, நான் அடிக்கடி சொல்வேனே, அந்தப் பொத்தான்காரி, கையைத் தூக்கிவிட்டாள். "ஏண்டி, உன் வீட்டுக்காரரு கப்பல்ல போனாரா, காலண்டர்ல போனாரா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நீலக் கடல், அழகான சூரிய உதயம், வெள்ளை வெளேர் என்று பறவைகள் என்று நீங்கள் எழுதியிருந்தால் அவள் வேறு என்ன கேட்பாள்? என்ஜின் அறையில் இருப்பவன் சூரிய உதயத்தை எப்போது பார்த்தான்?

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஏழு வருடமாகச் சட்டை பார்க்கிறேன். நூல் விட்ட இடம், கறை பட்ட இடம், காலர் கோணின இடம் எங்கே இருந்தாலும் என் கண் தப்பாது. குறை உள்ள இடத்தில் ஒரு சிறிய சிவப்பு அம்பு ஒட்டுவோம். தைத்தவளைக் கூப்பிட்டுத் திட்ட மாட்டோம், அம்பே பேசிவிடும். உங்கள் கதையில் எனக்குக் கண்ணில் எதுவும் தெரியாத இடங்களில் எல்லாம் அதே அம்பை ஒட்டியிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தொன்று. 'அழகான' ஒன்பது இடத்தில். 'பிரம்மாண்டமான' ஆறு இடத்தில். 'சொல்ல வார்த்தைகளே இல்லை' மூன்று இடத்தில். சொல்ல வார்த்தையே இல்லாதவர் எதற்குப் பதினெட்டுப் பக்கம் எழுதினீர்கள்?

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பதினோராம் பக்கத்தைப் பாருங்கள். அதில் ஒரு அம்புகூட இல்லை. 'ஏணியின் கைப்பிடி சுடும். அதனால் வலது சட்டைக் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் இறங்குவான்.' இந்த வரியைப் படித்தபோது ஆறு பேரும் வாய்க்குப் போன சோற்றை நிறுத்திவிட்டார்கள். நானும் படிப்பதை நிறுத்திவிட்டேன். நீங்கள் வரும்போதெல்லாம் உங்கள் சட்டைகளில் வலது கை முனை மட்டும் நைந்து கிடக்கும். சட்டை செக் செய்கிறவள் புருஷன் சட்டை இப்படியா என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து, ஒரு கதையைப் படித்துத்தான் எனக்குக் காரணம் தெரிகிறது. அந்த ஒரு வரியில் எனக்கு உங்கள் என்ஜின் அறை முழுக்கத் தெரிந்தது. அதை எழுதிய கைக்கு எழுத்து வராது என்று இனிமேல் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மற்ற பக்கங்களையும் பதினோராம் பக்கம் மாதிரி ஆக்குங்கள். வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முதல் வாசகி

•

எண்ணெய்க் கைக்காரருக்கு, நலம், நலமே விழைகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் சொன்னபடி நான் செய்யவில்லை. திருத்திய கதையை 'வீட்டுப் பகுதி மட்டும் சரியா என்று பார்த்து நேரே பத்திரிகைக்கு அனுப்பு. இதுவும் திரும்பி வந்தால் நோட்டைக் கடலில் போட்டுவிட்டு இனி எழுத மாட்டேன்' என்று எழுதியிருந்தீர்கள். அனுப்பாமல் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வாலு பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்குக் கால் நீளம் என்று இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருக்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நானே வாஷர் மாற்றினேன், இன்னும் கொஞ்சம் ஒழுகுகிறது.

இப்போது கதை. காலண்டர் போய்விட்டது, சந்தோஷம். ஆனால் என்ஜின் அறைக்குள் நுழைந்ததும் மீட்டர், வால்வு, குழாய், திருகாணி என்று மூன்று பக்கத்துக்கு அடுக்கிவிட்டீர்கள். பொத்தான்காரி பாதியில் கொட்டாவி விட்டாள். நான் அவளைத் திட்டவில்லை. ஸ்டோர் ரூம் லிஸ்ட் மாதிரி இருந்தது. உள்ளதை எல்லாம் சொன்னால் கண்ணில் தெரியும் என்று நினைத்துவிட்டீர்கள் போல. நாங்கள்கூட ஒரு சட்டையில் எல்லா நூலையும் பார்ப்பதில்லை. தோள், அக்குள், காலர், கை முனை என்று பாரம் விழும் இடங்களைத்தான் பார்ப்போம். அவன் உடம்பு எங்கே படுகிறதோ அதை வையுங்கள். மற்றதை எடுத்துவிடுங்கள். பதினைந்து அம்பு ஒட்டியிருக்கிறேன். நாற்பத்தொன்றிலிருந்து பதினைந்து. இந்த வேகத்தில் எங்கள் தையல் பிரிவில் யாரும் திருந்தியதில்லை.

கடைசி நான்கு பக்கம், அவன் வீட்டுக்கு வருவது. அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போகவில்லை. வீட்டிலேயே நின்றுகொண்டு படித்தேன். நீலக் கதவு, கீழ்ப் பக்கம் ஈரத்தில் உப்பியிருப்பதால் காலால் தள்ளித் திறப்பது. கதவு நிலையில் மகள் வளர்ந்த அளவுக்குப் பென்சில் கோடுகள். மேலே கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவள் கிறுக்கிய பூ. குளித்துவிட்டு வந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் பார்க்காமலே துண்டை மாட்டுவது. அம்புச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டே நான்கு பக்கமும் படித்தேன். ஒட்ட ஓர் இடமும் கிடைக்கவில்லை. இவ்வளவு தூரத்திலிருந்து ஒரு கதவு எந்தப் பக்கம் உப்பியிருக்கிறது என்று எழுதுகிற மனிதர் என் புருஷன் என்று எனக்கு அவ்வளவு கர்வமாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரி வந்து 'என்ன தனியா சிரிக்கிறே?' என்றுகூடக் கேட்டாள்.

எழுத்தில் குறை இல்லை. வீடுதான் அது இல்லை.

கதவு இப்போது பழுப்பு. போன மழைக்காலத்தில் கீழ்ப் பலகையை மாற்றி, பெயிண்ட் அடித்தோம். விரலால் தொட்டாலே திறக்கும். பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன, ஆனால் அந்தப் பூவுக்கு மேலே இன்னும் மூன்று கோடு போட்டாயிற்று. இப்போதெல்லாம் அவள் பூ கிறுக்குவதில்லை, வெட்கப்படுகிறாள். கதவுக்குப் பின்னால் ஆணி இல்லை. கண்ணாடி மாட்ட இடம் வேண்டியிருந்தது, பிடுங்கிவிட்டேன்.

கதையில்தானே, வீடு எந்த நிறமாக இருந்தால் என்ன என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு கவரில் போட்டு விலாசம்கூட எழுதிவிட்டேன். ஒட்ட மனசு வரவில்லை. உங்கள் கதையில் வருகிறவன் வீட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆயிற்று. அவன் விட்டுப்போன மாதிரியே வீடு அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்குமா? நீங்கள் போய் இரண்டு வருடம் நான்கு மாதம். ஒரு கப்பலில் இறங்கி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் அடுத்த கப்பலில் ஏறினீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வாலுவின் படிப்புக்குத்தான் என்று எனக்குத் தெரியும். இங்கே என்ன என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டேன். அதை வைத்து என்ன செய்வது என்பது எழுதுகிறவர் பாடு. நான் வெறும் செக்கிங்.

நோட்டைக் கடலில் போடுவதாக இருந்தால் முதலில் என்னைக் கேட்க வேண்டும். அதில் என் சிவப்பு அம்புகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
கண்ணில் படுவதைச் சொல்லிவிடும்
உங்கள் மனைவி

•

எழுத்தாளர் அவர்களுக்கு,

ஆமாம், இனி அப்படித்தான் கூப்பிடுவேன். பத்திரிகை வந்துவிட்டது! முப்பத்திரண்டாம் பக்கத்திலிருந்து நாற்பதாம் பக்கம் வரை. உங்கள் பிரதி அங்கே வந்து சேர மாதக்கணக்காகும் என்பதால் நடந்ததை எல்லாம் சொல்கிறேன்.

கடைக்காரரிடம் ஆறு பிரதி கேட்டேன். "எதுக்கும்மா ஆறு, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். என் வீட்டுக்காரர் எழுதியது என்றேன். அவர் அங்கேயே நின்று முதல் பக்கத்தைப் படித்தார். ஒரு ஆள் வந்து சோப்பு கேட்டான், 'இரு'ன்னு கையைக் காட்டிவிட்டுப் படித்தார். எனக்கு வேறு என்ன வேண்டும்?

கம்பெனியில் சூப்பர்வைசர் அக்கா அந்த ஒன்பது பக்கங்களையும் நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்துவிட்டார். இன்றைக்கு எத்தனை சட்டை முடிக்க வேண்டும் என்று எழுதும் பலகை அது. மூன்று நாளாக அந்தக் கணக்கை யாரும் பார்க்கவில்லை. மூன்று மீட்டரையும் ஒரு ஏணியையும் மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் காட்டிய என்ஜின் அறையைப் படித்துவிட்டு, இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். "அந்தச் சூடு எங்களுக்குத் தெரியும்க்கா, அவரு பொய் சொல்லல." பத்திரிகையில் வந்தது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

வாலு பள்ளிக்கு எடுத்துப்போய் வகுப்பில் படித்துக் காட்டியிருக்கிறாள். 'எங்கப்பா எழுதினது, ஆனா அந்தப் பூவை நான் போடலை' என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

இனி அந்த இடம். அவன் குளித்துவிட்டு வருகிறான், மனைவியிடம் என்னவோ பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் துண்டை மாட்டுகிறான். துண்டு கீழே விழுகிறது. அவன் பேச்சு நின்றுவிடுகிறது. அவள் வந்து அதை எடுத்து உதறி, கொடியில் போடுகிறாள். அவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். 'அழகான' இல்லை, 'சொல்ல வார்த்தை' இல்லை. பொத்தான்காரி மூக்கை உறிஞ்சினாள். சம்பள உயர்வு இல்லை என்று கம்பெனியில் சொன்னபோதுகூட அழாதவள் அவள். நான் ஒரு வார்த்தை எழுதினேன், ஆணி இல்லை என்று. அதை எடுத்து, அந்த மனிதன் எத்தனை வருடம் வெளியே இருந்தான் என்பதை நீங்கள் காட்டிவிட்டீர்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குத் தீரவில்லை.

எங்கள் பிரிவில், குறை இல்லை என்று விடும் சட்டையின் பையில், அதைச் செக் செய்தவளின் எண் போட்ட ஒரு சிறிய சீட்டை வைப்போம். என் எண் பதினான்கு. உங்களுக்கு அனுப்பும் பிரதியில் நாற்பதாம் பக்கத்தில் அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன். தொலைத்துவிடாதீர்கள். ஏழு வருடத்தில் சட்டைக்கு அல்லாமல் வேறு எதற்கும் நான் அதை வைத்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கண்ணாடி மாட்டுவதற்காக அந்த ஆணியைப் பிடுங்கவில்லை. கண்ணாடி பிறகு வந்தது. நீங்கள் இரண்டாவது கப்பலில் ஏறப்போகிறேன் என்று சொன்ன மறுநாள் காலை கதவைச் சாத்தினேன். வெறும் ஆணி. அதில் ஒன்றும் இல்லாமல் தினமும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. குறடு எடுத்துப் பிடுங்கிவிட்டேன்.

அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் புதுக் கப்பலுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று சொன்னீர்கள். போடுங்கள் என்றும் போடாதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. கதையில் துண்டு கீழே விழுந்தது விழுந்ததாகவே இருக்கட்டும். அதைத் திருத்த வேண்டாம்.

நேற்றுக் காலை கண்ணாடியைச் சன்னல் பக்கம் மாற்றிவிட்டேன். சுவரில் பழைய ஓட்டை அப்படியே இருந்தது. அதிலேயே ஆணியை மறுபடி அடித்தேன். தாங்குமா என்று ஈரத் துண்டைப் போட்டு இழுத்தும் பார்த்தேன், அசையவில்லை. உங்கள் கைக்கு எட்டும் அதே உயரம்தான். திரும்பிப் பார்க்காமலே மாட்டலாம்.

இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். கடலும் காற்றும் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பதினான்காம் எண்