ஏரிக்கரைத் தீர்மானம்

என் வீட்டுக் கோபக்காரிக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஊராட்சி எழுத்தரான உன் கணவன் போன மாதத் தீர்மானத்தைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டான். அமைச்சரின் மருமகன் தண்ணீர்க் கம்பெனி வைக்க 'ஏரிக்கரையைக் கொடுக்கிறோம்' என்று எழுத வேண்டிய இடத்தில், பழைய 'ஏகமனதாக நிராகரிக்கிறோம்' அப்படியே நின்றுவிட்டது.

உறுப்பினர்கள் ஏழு பேரும் டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். படித்தால் அல்லவா தெரியும்!

மறுநாள் அமைச்சரே வந்து இறங்கினார். "என்ன தலைவரே, இப்படிக் காலை வாரிட்டீங்க?"

தலைவர் தாளைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார். படிக்காமல் போட்டேன் என்றால் மானம் போய்விடுமே! "நல்லாப் படிச்சுப் பாத்துத்தாங்க போட்டோம்" என்றார்.

"ரெண்டு தடவை படிச்சோங்க" என்று மற்ற ஆறு பேரும் ஒத்து ஊதினார்கள்.

தேர்தலுக்கு மூன்றே மாதம். ஊர் ஓட்டு முழுவதும் இந்த ஏழு பேர் கையில். அமைச்சர் சிரித்தபடி கும்பிட்டார். "ஊராட்சி சொன்னா சரிதாங்க. மருமகன் வேற இடம் பாத்துக்குவான்." கார்க் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினார்.

'ஏரியை எழுதிக் குடுத்துட்டு இந்த வீட்டுப் படி ஏறாதீங்க' என்றாய். ஆனால் படி இறங்கி உன் அண்ணன் வீட்டுக்குப் போனது நீதான். உன் வயலுக்கு நேற்று மடை திறந்துவிட்டார்கள். என் சமையலைப் பற்றிக் கேட்காதே. அங்கிருந்து வரும் காலை ஏழு மணி பஸ் இன்னும் ஓடுகிறது.

இப்படிக்கு,
உன் சோம்பேறி

பி.கு. யாரிடமும் சொல்லிவிடாதே: போன மாதம் நம் ஊராட்சியில் கூட்டமே நடக்கவில்லை.