சனிக்கிழமை விமானம் கழுவுகிறவர்கள்

தம்பி,

இந்த வாரம் மழை விடவே இல்லை. அலமாரி முழுக்கப் பூஞ்சை. துணிகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தபோது அடித்தட்டிலிருந்து உன் தொப்பி விழுந்தது. அதைத் தொப்பி என்று சொல்லலாமா, தெரியவில்லை. நெற்றியில் மாட்டிக்கொண்டால் வெளியே எதுவும் தெரியாமல் மறைத்து, விமானத்தின் கருவிகளை மட்டும் பார்க்கவிடும் சாம்பல் நிற பிளாஸ்டிக். பூஞ்சை நெடியையும் மீறி உள்பட்டையில் உன் வியர்வை லேசாக மணந்தது. துடைக்க எடுத்த துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி உனக்குக் கிடைத்த வாரம், இதை எடுத்துக்கொண்டு மலைமேல் தானா ராத்தா ஊரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். அடுப்படியில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாய்.

"அக்கா, இந்தப் பக்கம் உக்காரு. நான் வெளிய பாக்க மாட்டேன். நீதான் பாக்கணும். எதுனா வந்தா சொல்லு."

"பூனை வருதுடா."

"எவ்வளவு தூரத்துல?"

"உன் காலடியில."

நாம் சிரித்து முடித்த பிறகுதான் நீ விஷயத்துக்கு வந்தாய். இந்தத் தகுதி வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிற பொருளில்லை, சில மாதம் பழகாமல் விட்டால் கைக்கு மறந்துவிடும் என்றாய். தனியாகப் பழகவும் முடியாது. தொப்பி மாட்டியவனுக்குப் பக்கத்தில் இன்னொரு விமானி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய கம்பெனி எதுவும் உன்னை இன்னும் கூப்பிடவில்லை. மலைக்குக் கீழே ஒரு பறக்கும் கிளப் இருக்கிறது, அங்கே பல் டாக்டர் அம்மா ஒருவர் உன்னோடு வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார், சேரட்டுமா என்று கேட்டாய். முப்பது வயது ஆண்பிள்ளை என்னிடம் அனுமதி கேட்டாய். அம்மா போன பிறகு எல்லாவற்றையும் நீ என்னிடம்தான் கேட்டாய்.

பிறகு, என்னைச் சம்மதிக்க வைக்கிறோம் என்று நினைத்து, ஒன்று சொன்னாய். சனிக்கிழமை காலையில் எல்லாருமாகச் சேர்ந்து விமானத்தைக் கழுவுவார்களாம்.

எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. கழுவுவது.

நம் அப்பா இருபத்தெட்டு வருஷம் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களின் கிளப்பில் தட்டு தூக்கினார். நீ அப்போது கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. ஒரு மழை நாளில் அம்மா என்னிடம் குடையைக் கொடுத்து அனுப்பினாள். முன்வாசல் வழியாகப் போய்விட்டேன். அப்பாவே ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னால் சாக்கடையோரம் கொண்டுபோய் நிறுத்தினார். கிளப்புக்கு அவர் போட்டுப் போகும் அந்தக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. வெள்ளைக்காரத் துரைகள் போய் நம் நாட்டுக்காரர்களே மேனேஜராக வந்த பிறகும் அந்தப் பின்வாசல் அங்கேயேதான் இருந்தது.

அதனால் சொன்னேன். "கையில சர்டிபிகேட் இருக்குடா. பணக்காரனுங்க பிளேனக் கழுவிட்டு அவனுங்க பக்கத்துல நிக்கப் போறியா? அப்பா தொடச்ச மேச பத்தாதா?"

நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய். "சரிக்கா" என்றாய். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். நம் வீட்டின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துத் தூங்கினேன் என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு எப்போதாவது வேறொரு விமானத் திடலில் வாடகைக்கு ஒரு சிறிய விமானம் எடுத்து, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் தனியாக ஓட்டினாய். பத்து மாதம் மேகத்துக்குள் பழகவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மலைத்தொடர் ஓரம் மேகம் மூடியது. தகுதி உள்ளவன் என்பதால் திரும்பாமல் உள்ளே போனாய். கருவிகளில் கோளாறு எதுவும் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

உன் கருமாதி அன்று ஒரு பழைய வேனில் ஐந்து பேர் தோட்டத்தில் இருக்கும் நம் லைன் வீட்டுக்கு வந்தார்கள். நீ சேராத அந்தக் கிளப்பின் ஆட்கள். பட்டறை வைத்திருக்கும் சீனர், ஓய்வுபெற்ற மலாய் வாத்தியார், பஸ் ஓட்டுநர், வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண், அந்தப் பல் டாக்டர் அம்மா. பணக்காரன் யார் என்று தேடினேன், தம்பி. அந்த நிலையிலும் தேடினேன். பட்டறைக்காரரின் நகத்தில் கிரீஸ் இருந்தது.

அப்பா பழக்கத்தில் எழுந்து டீயைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். வாத்தியார் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டு, அவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, முதல் கோப்பையை அவர் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் ஐந்து பேரும் குழாயடிக்குப் போய் அவரவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார்கள். யாரும் அதைப் பெரிதாக நினைத்த மாதிரித் தெரியவில்லை. அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு யாரும் டீ கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. கழுவுவது என்றால் அவர்களுக்கு இதுதானா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேனில் ஏறும்முன் டாக்டர் அம்மாவை நிறுத்திக் கேட்டேன். உங்களோடு சேர்ந்திருந்தால் இவன் பிழைத்திருப்பானா? கிளப்பில் இருந்தும் இப்படிப் போனவர்கள் உண்டு, வெறும் அரட்டைக்கு வருகிறவர்களும் உண்டு, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் விடவில்லை. அவர் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"புதுசா இந்த ரேட்டிங் வாங்குனவங்களுக்கு மேகத்துக்குள்ள போகத் தெரியும்மா. எப்ப போகக் கூடாதுன்னு தெரிய இன்னும் நாளாகும். எங்களோட சேர்ந்திருந்தா, அன்னிக்குக் காலைல நாங்க யாராச்சும் பக்கத்துல இருந்திருப்போம். இன்னிக்கு வேணாம்லா, வா டீ குடிக்கலாம்னு சொல்லியிருப்போம். அவ்வளவுதான். வேற ஒண்ணும் பெருசா செய்ய மாட்டோம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருந்திருக்காது என்பதைத்தான் நான்கு வருஷமாகச் சுமக்கிறேன். ஆபீசில் கோப்பைத் திறக்கும்போதும், அப்பாவுக்குச் சோறு போடும்போதும் அந்த வாக்கியம் வருகிறது. சன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவைப் பனி மூடும்போது, இன்னிக்கு வேணாம்டா என்று வாய்விட்டே சொல்கிறேன். என் குரலில் அது ஒட்டவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தக் காலையிலும் கீழே தங்கள் கிளப்பின் வேலியோரம் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான்தான் அவர்களிடம் உன்னைப் போக விடவில்லை.