முகத்துக்குப் பின்னால்

மார்ச் 4
பேருந்து வரவில்லை. நடந்தே வந்தேன். பையில் புதிதாக வாங்கிய பழங்காசு. தொட்டுக்கொண்டே நடந்தால் தூரம் தெரிவதில்லை.

ரோமப் பேரரசின் ஏதோ ஒரு மாகாண நகரம் தன் பட்டறையில் அடித்த செம்புக்காசு. தலைநகரத்து மிடுக்கு இல்லை. பேரரசன் கராகல்லா கொஞ்சம் உள்ளூர்க்காரன் மாதிரி இருக்கிறான் — பெரிய மூக்கு, கோரைத் தாடி. அவனுக்கு எதிரே, வலப்பக்கம், தம்பியின் முகம் இருக்க வேண்டும். இல்லை. தட்டையான வெற்றிடம், ஓரத்தில் இரண்டு கீறல்.

அண்ணன் தம்பியைக் கொன்றான். பிறகு ஊர்தோறும் தம்பியின் உருவத்தை அழிக்கச் சொன்னான். இது அப்படிச் சுரண்டிய முகம். சந்தேகமே இல்லை.

மார்ச் 5
அக்கா: "ஒருத்தன் மூஞ்சியக் காணோம்னு உனக்கு இவ்ளோ சந்தோஷமாடி?"
ஆமாம்.

மார்ச் 9
நூலக மாடியில் நாணயச் சங்கக் கூட்டம். கழுத்தில் எப்போதும் பூதக்கண்ணாடி தொங்கும் மூத்த உறுப்பினரை எல்லோரும் 'லென்ஸ்' என்போம். காசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது தேய்மானம்மா. பழுது. டப்பாவுல போடு."

"தேய்மானம் ஒருத்தர் மூஞ்சிய மட்டும் தேடிப் போய்த் தேய்க்குமா சார்?"

அறை சிரித்தது. அவர் காது சிவந்தது. அடுத்த கூட்டத்தில் பேச்சு என்னுடையது. முதல்முறையாக! தலைப்பு: 'அழிக்கப்பட்ட தம்பி'.

மார்ச் 21
கட்டுரை முடிந்தது. நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

ஏப்ரல் 2
அக்கா யாருடைய ஜாக்கெட்டுக்கோ பிரஸ் பட்டன் அடித்துக்கொண்டிருந்தாள். பூப்போட்ட பட்டன். அடியில் வைக்கும் குழிக்கட்டையை மறந்து, வெறும் இரும்பின் மேல் வைத்து அடித்துவிட்டாள்.

"ஐயோ, போச்சு! பின்னாடி அடிச்சா முன்னாடி பூ சப்பையாயிடுச்சு பாரு!"

பார்த்தேன். காசை எடுத்தேன்.

காசின் பின்பக்கத்தில் இடது ஓரம் ஒரு சின்ன முத்திரை உண்டு. பழைய காசு இன்னும் செல்லும் என்று நகரம் பிற்பாடு பதித்தது. தெரியும். கட்டுரையில் அதற்கு ஒரு வரி கொடுத்திருக்கிறேன், கடைசியில். முத்திரைமேல் கட்டைவிரலை வைத்து, முன்னால் சுட்டுவிரலை வைத்தேன். சுட்டுவிரல் சரியாக வெற்றிடத்தில் நின்றது.

யாரும் தம்பியை அழிக்கவில்லை. பின்னால் அடித்தார்கள், முன்னால் நசுங்கினான். கீறல்? காசில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிய யாருடைய ஊசியோ.

ஒரு மாதம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டாள். முட்டாள்.

ஏப்ரல் 3
"காய்ச்சல்னு சொல்லிடேன்," என்கிறாள் அக்கா. "அந்த லென்ஸ் உன்னைச் சும்மா விடுவாரா?"

மாட்டார். அவரை நான் விட்டேனா?

ஆனால் — தேய்மானமும் இல்லையே. இது மூன்றாவது விடை. என் காசு, என் தவறு, என் விடை. போவேன்.

ஏப்ரல் 13
"போன மாசம் நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். பட்டனையும் காசையும் கைமாற்றிப் பார்க்கக் கொடுத்தேன். குரல் நடுங்கவில்லை. கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.

லென்ஸ் பட்டனைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

"அப்போ நீயும் தப்பு, நானும் தப்பு."

"ஆமா சார்."

"ஆனா நீ என்னைவிட ஜோரா தப்பு பண்ணியிருக்கே."

சிரித்தது நான்தான் முதலில்.

ஏப்ரல் 14
காலையில் வாசலில் லென்ஸ். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. பழுது என்று அவர் ஒதுக்கியவை எல்லாம். "எதையும் திருப்பிப் பார்த்ததில்லம்மா," என்றார். உள்ளே வரக்கூட இல்லை.

மேசையில் கொட்டினேன். முதல் காசை எடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் திருப்பினேன்.