மச்சானின் பெரல்

ஓகஸ்ட் 5, திங்கள்

காலை 6.40. முற்றத்தில் வினாகிரிக்கு வைத்த பிளாஸ்டிக் பெரல் இரண்டு: நீலம் என்னுடையது, வெள்ளை மச்சானுடையது. கச்சான் காற்று இப்போதே அனலாக வீசுகிறது. முற்றமெல்லாம் புழுதி.

சோதனை முடிவு:
நீலம் – புளிப்பு ஏறவில்லை. மூன்று கிழமையாக அதே எண். நிறம் அருமை. மணம் அருமை. அதுதான் பிரச்சினை.
வெள்ளை – முழு வினாகிரி. மூக்கைப் பிடுங்குகிறது. மேலே ஆடை படர்ந்து கிடக்கிறது, பாடப் புத்தகத்துப் படம் மாதிரி.

இரண்டு தடவை செய்து பார்த்தேன். பிழை இல்லை.

பதுளைக்கு மேலே அந்த மலைத் தோட்டத்தில் கறுப்புத் திராட்சையில் ஹோட்டல்களுக்குச் சிவப்பு வைன் செய்கிறார்கள். மிஞ்சிய பழத்தை நசித்து வாங்கி வந்து வினாகிரி ஆக்குவது என் யோசனை. படித்தது நான். லொறி பிடித்தது நான். சாறு முதலில் வைனாகும், பிறகு காற்றுப் பட்டு வினாகிரியாகும். நடுவில் நிற்கக் கூடாது. என்னுடையது நடுவில் நிற்கிறது. சாய்ந்தமருதில், பள்ளிவாசலுக்குப் பின் வீதியில், ஒரு பெரல் தரமான சிவப்பு வைன்.

மச்சான் செய்தது: நான் வீசச் சொன்ன சக்கையை எடுத்தார், கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார், சீனி போட்டார், தன் மனைவி, என் ராத்தாவின் பழைய துணியால் மூடினார், மறந்தார். மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்காரர்.

வெள்ளிக்கிழமை கல்முனை ஹாஜியார் வருகிறார். அச்சாறு, ஊறுகாய் போடுபவர். பிடித்தால் வருடம் முழுக்க நம்மிடம்தான் எடுப்பார்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு போன். சல்பைட் பொடி பற்றிக் கேட்டேன். சாறு கெடாமல் இருக்க நான் போட்டது.

"லாரியில ஏத்தும்போதே நாங்க போட்டுட்டோமே தம்பி. சொல்ல வந்தேன், நீங்க சரி சரின்னு ஏறிப் போயிட்டீங்க."

ஆக இரட்டை அளவு. நான் போட்ட ஈஸ்ட் அதைத் தாங்கும். வினாகிரிக் கிருமி தாங்காது. சக்கையில் இருந்ததோ தண்ணீரில் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. மச்சானின் வெற்றிக்குக் காரணம் கிணற்றுத் தண்ணீர். அறிவு இல்லை. இதை யாரிடம் சொல்வது?

கணக்கப்பிள்ளை சிரிக்கிறார்: "அவ்வளவு நல்லா வந்துருக்குன்னா திருப்பிக் குடுத்துருங்க, ஹோட்டலுக்கு அனுப்பிடுறோம்." வைத்துவிட்டேன். விற்பதும் ஹராம்தான். ஆனால் பாராட்டு என்று ஒன்று கிடைத்தது அந்த ஆளிடமிருந்து மட்டும். நான் செய்ததை நானே ருசி பார்க்கவும் முடியாது.

பகல் சாப்பாடு. பாரை மீன் ஆணம். தலை மச்சானுக்கு. உம்மா எனக்கு வால் துண்டை வைத்துக்கொண்டே மச்சானிடம்: "மருமகன், இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தட்டா?"

வீடு ராத்தாவுக்குச் சீதனமாகப் போனது. அது எங்கள் வழமை, குறை சொல்லவில்லை. மச்சான் இங்கே வந்து நான்கு வருடம். ஆனால் நான் பிறந்த வீட்டில் நான் விருந்தாளி மாதிரியும் அவர் வீட்டுக்காரர் மாதிரியும். இப்போது வினாகிரியும்.

ஓகஸ்ட் 7, புதன்

உம்மா முற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு: "மனே, ஊட்டுல சாராய வாசம் வருதுடா. வானத்து மலக்குமார் எப்பிடி உள்ளுக்கு இறங்கி வருவாங்க?"
"அது இன்னும் ஆகல்ல உம்மா."
"மருமகன்ட ஆகிட்டே. ரெண்டும் ஒரே பழம்தானே?"

ராத்தா அடுப்படியிலிருந்து சிரிப்பு.

மச்சான் வந்து பெரலைத் தட்டிப் பார்த்தார், டயர் பார்க்கிற மாதிரி. "என்ட பெரல்ல இருந்து ஒரு வாளி தாறன் மச்சான். ஊத்திப் பாருங்க. தயிருக்கு உறை ஊத்துறம்தானே, அது மாதிரி."

சரியான யோசனை. எரிச்சல் அதில்தான். ஆடையோடு ஊற்றி, காற்றடித்தால் வேலை செய்யக்கூடும்.

"தேவையில்ல" என்றேன்.

அவர் கோபமே படவில்லை. கோபப்பட்டால் நன்றாக இருந்திருக்கும்.

ஓகஸ்ட் 8, வியாழன்

அஸர் தொழுகைக்குப் பிறகு மௌலவியிடம் போனேன். தனியாக.

"வைனாப் போனதுக்குள்ள ஒண்டையும் போடாதீங்க. போட்டு மாத்தினா எங்கட மத்ஹபுச் சட்டத்துல சரிவராது. மூடியத் திறங்க, வெயில்ல வைங்க, நிழல்ல வைங்க. அதுவா வினாகிரியானா ஹலால்."
"மச்சான்ட சக்கைக்குத் தண்ணி, சீனி போட்டிருக்கார்."
"அது வைனாகுறதுக்கு முதல் போட்டதுதானே. பரவால்ல."

அதுவும் பரவாயில்லை!

ஆனால் மச்சானின் வாளி கூடாது. வழியெல்லாம் மனது லேசாக இருந்தது. அவரிடம் கேட்கத் தேவையில்லை, மார்க்கமே சொல்லிவிட்டது.

வீட்டு வாசலில் மச்சான்: "மௌலவி என்னவாம்?"
"பாப்பம் எண்டார்."

ஏன் அப்படிச் சொன்னேன்? தெரியும். சொன்னால் அவருடையது சரி என்று மௌலவி சொன்னதையும் சொல்ல வேண்டும்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

காலையில் மாதிரி போத்தல் வாங்கக் கல்முனைக்குப் போனேன். றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது, பஸ் ஊர்ந்தது. ஜும்ஆவை அங்கேயே தொழுது, ஹாஜியாரோடு திரும்பினேன்.

ஹாஜியார் வெள்ளைப் பெரலில் கரண்டி விட்டு, நாக்கில் வைத்து, கண்ணை மூடினார். "மாஷா அல்லாஹ். இதத்தான் தேடித் திரிஞ்ச நான்." மச்சானின் தோளில் கை. "ஆர் தம்பி சொல்லித் தந்த?"
"மச்சான்தான் எல்லாம்" என்று என்னைக் காட்டினார். அதுவும் பொறுக்கவில்லை எனக்கு.

"அப்ப அந்த நீலப் பெரல்?"

மச்சான் வாயெல்லாம் பல்லாக: "அதுவும் ஆகிரும் ஹாஜியார். மச்சான் கேக்க வெக்கப்படுறார். காலைல நானே என்ட பெரல்ல இருந்து அள்ளி ரெண்டு வாளி ஊத்திட்டன்."

ஹாஜியாரின் கை தோளிலிருந்து இறங்கியது. "வைனுக்குள்ளயா ஊத்தின நீங்க?"
"ஓம்."
"ஒரே வாளியாலயா? ரெண்டாவது தரம் அள்ள முதல் வாளியக் கழுவின நீங்களா?"

மச்சான் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. "கழுவல்ல ஹாஜியார். முதல் வாளிய நீலத்துக்குள்ள முக்கித்தான் ஊத்தின. அப்பிடியே திரும்ப என்டதுல அள்ளிட்டன்."

நீலத்துக்குள் வினாகிரி போட்டாயிற்று. வைனில் முங்கிய வாளி வெள்ளைக்குள், ஒரு சொட்டுப் பட்டாலும் கூடாது. இரண்டும் போயிற்று.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிரிக்கீங்க தம்பி. ஆனா சந்தேகம் வந்த சாமான் என்ட கடைக்குள்ள வராது." தேத்தண்ணீர் குடிக்காமல் போனார்.

அந்த நேரம் எனக்குச் சந்தோஷம். எழுதி வைக்கிறேன். ஒரு மூச்சு நேரம், நல்ல சந்தோஷம்.

பிறகு மச்சான் வெள்ளைப் பெரலின் துணியை எடுத்து மடித்தார். மடித்துவிட்டு விரித்தார். திரும்பவும் மடித்தார்.

"மச்சான், நீங்க நேத்து மௌலவிட்ட போனீங்கதானே. இதக் கேக்கல்லயா?"

கிணற்று மோட்டாரைப் போட்டேன். சத்தத்தில் பதில் சொல்லத் தேவைப்படவில்லை.

ஓகஸ்ட் 10, சனி

காற்று நின்றுவிட்டது. முற்றம் முழுக்க வாசம், எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. மச்சான் இன்னும் கடை திறக்கவில்லை. உம்மா மீனுக்குப் புளி கரைக்கிறா. பாரைதான்.

செய்ய வேண்டியது:

1. கிணற்றுக்குத் தூரமாகக் குழி. இரண்டு பெரலையும் ஊற்றுவது. வெட்டுவது நான்.
2. தோட்டத்துக்கு போன். கடைசிப் பறிப்பில் பழம் மிஞ்சுமா? பொடி போடாமல். கணக்கப்பிள்ளை கதைத்து முடியும்வரை வைக்காமல் கேட்பது.
3. சக்கைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சீனி என்று மச்சானிடம் கேட்பது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.
4. மௌலவி சொன்னது முழுவதையும் மச்சானிடம் சொல்வது. வியாழனே எனக்குத் தெரியும் என்பதையும். ராத்தாவும் உம்மாவும் இருக்கும்போது.
5. நாலாவதை முதலில் செய்வது. இன்று பகல், சோறு போடுமுன். மீன் தலை அவருடைய சோற்றுக் கோப்பைக்குப் போகுமுன்.