மூச்சு பார்த்த கண்ணாடி

பரிபூரணம்,

முதலில் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று மத்தியானம் முற்றத்தில் குப்புறப் படுத்து, தூங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியின் மூக்கருகே என் கண்ணாடியைக் கழற்றி நீட்டி, மூச்சுப்பட்டு மங்குகிறதா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி மதிலுக்கு மேல் எட்டி, "என்னண்ணே, பவர் சரியா இருக்கான்னு அதுட்ட கேக்கியளா?" என்றாள். இந்நேரம் ராஜபாளையம் முழுக்கச் சிரித்திருக்கும்.

ஆமாம், மூன்றாவது நாய். நாய்க் காப்பகத்து பெலிக்ஸ், "ஒரு மாசம் மட்டும் வச்சிருங்க சார்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். உனக்குச் சொல்லப் பயமாக இருந்தது.

நோயோடு வந்த பட்டாணி நம்மிடம் பதினோரு நாள் இருந்தாள். கடைசிவரை என் செருப்பின்மேல்தான் தலைவைத்துப் படுத்தாள். அந்தச் செருப்பை நான் இன்னும் போடவில்லை. மூன்று காலோடு வந்த ராக்கெட் ஆறே நாளில் உன் மடியில் போனான். "இன்னொண்ணு சாவுறதப் பாக்க எனக்கு ஏலாது" என்று மடவார் வளாகத்தில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய்.

இது கண்ணை மூடினாலே மூச்சு நின்றுவிட்டதோ என்று தோன்றுகிறது. பாவம், தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டே இருக்கிறேன். இதுவும் போய்விட்டால் தனியாகக் குழி தோண்ட என்னால் முடியாது. வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி

பி.கு.: எழுத்து கோணலாக இருப்பது பயத்தால் இல்லை. அந்தக் கண்ணாடியை இன்று காலை அது கடித்துத் துப்பிவிட்டது.