அப்பாவின் பகல் தூக்கம்

மார்ச் 3

அப்பா இன்று சுவரைக் குத்தினார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் மணிக்கட்டுதான் வீங்கிவிட்டது.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு வாய் மட்டும்தான் உண்டு. காலை ஒன்பதுக்குத் திறந்தால் மாலை நான்குவரை மூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் டமாரம். பெயர் நான் வைத்தது. இப்போது மாடிப்படி முழுக்க அதுதான் புழக்கம். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சாலையில் எவனையோ கீழே இறக்கி அடித்ததற்காக ஆறு மாதத்துக்கு லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். ஹாரன் அடிக்க வழியில்லை, அதனால் அவர் பாட்டுக்குப் பாட்டை அடிக்கிறார்.

அப்பாவுக்கு இரவு வேலை. பிரஸ் மெஷினில் தகர மூடி அடிப்பார். காலை எட்டரைக்கு வந்து படுத்தால் நாலு மணிவரையாவது தூங்க வேண்டும். "தூக்கத்தோட காலை ஒடிச்சா துக்கம்" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. மணிக்கட்டுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, "குத்துறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா உங்களுக்கு? இந்தக் கைதானே நமக்குச் சோறு போடுது" என்றாள்.

மார்ச் 4

பரீட்சைக்குப் படிக்க விடுமுறை. இன்று படித்தவை: டமாரத்தின் பன்னிரண்டு பாட்டுகள், வரிசை மாறாமல்.

மார்ச் 6

ரத்தம். அப்பாவின் பனியனில், படிக்கட்டில் இரண்டு இடத்தில், என் துண்டில்.

அப்பா மரியாதையாகத்தான் போய்க் கதவைத் தட்டினார். நான் பின்னாலேயே நின்றேன்.

"அண்ணே, கொஞ்சம் குறைச்சு வைங்க. ராத்திரி பூரா நின்னு வேலை பார்த்துட்டு வரேன்."

"பகல்ல தூங்குறது ஆந்தை. ஆந்தைக்காக ஊரே வாயை மூடிக்கணுமா?"

"ஆந்தைன்னே வச்சுக்கங்க. குறைங்க."

டமாரம் நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளு. அப்பா நான்கு படி உருண்டார். உதடு கிழிந்து பல் தெரிந்தது. டமாரத்தின் தம்பிதான் ஓடிவந்து தூக்கினார். சாப்பாட்டு டெலிவரிக்குப் போகிறவர். ஹெல்மெட்டைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை, அதனால் பெயரும் அதுவே. "மன்னிச்சுக்கங்கண்ணே, நான் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டமாரம் அவர் முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விட்டார். ஹெல்மெட் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்.

டமாரத்தைப் பத்து விதமாகக் கொன்று பார்த்தேன். காகிதத்தில்தான். ஏழாவது விதம் நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 7

அடுக்களையில் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, நான்தான் கதவோடு ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

அந்த மெஷினில் இரண்டு பொத்தான்கள் இருக்குமாம். இரண்டையும் இரண்டு உள்ளங்கையால் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்காது, அதுதான் கணக்கு. ஆனால் வேகம் குறையும். தூக்கம் இல்லாமல் அப்பாவால் ஓர் இரவுக்குச் சொன்ன எண்ணிக்கையை எட்ட முடியவில்லை. அதனால் மூன்று நாளாக ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகி வைத்துவிட்டு, ஒரு கையால் அழுத்துகிறார், இன்னொரு கையால் தகரத்தைத் தள்ளுகிறார்.

"எட்டரையும் இப்படித்தானே பண்ணாரு" என்றாள் அம்மா. எட்டரை அப்பாவோடு வேலை பார்ப்பவர். பத்து விரலில் ஒன்றரை போய்விட்டது. மீதி என்னவோ அதுதான் அவர் பெயர்.

"அவன் தூங்கிட்டான். அதான் போச்சு."

"நீங்க தூங்கலையா?"

"நேத்து ஒரு தடவை கண்ணு செருகிடுச்சு" என்றார் அப்பா.

நான் கதவிலிருந்து காதை எடுத்துவிட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் என் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். என்ன முட்டாள்தனம்.

மார்ச் 9

என் போனில் ப்ளூடூத்தைப் போட்டேன், என் இயர்போனைத் தேட. பட்டியலில் டமாரத்தின் ஸ்பீக்கர் பெட்டி நிற்கிறது. தொட்டேன். ஒட்டிக்கொண்டது. ஒரே நேரத்தில் இரண்டு போன்களை ஏற்கிற ரகம் போலிருக்கிறது. எஜமான விசுவாசமே இல்லை.

காதல் பாட்டு உருகிக்கொண்டிருந்த நேரம். ஒரு கழுதைக் கத்தலை அனுப்பினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம் ஆடவில்லை, அசையவில்லை. பிறகு பெட்டியைத் தட்டுகிற சத்தம், திட்டுகிற சத்தம். மறுபடி பாட்டு. மறுபடி கழுதை. மூன்றாவது கழுதைக்குப் பெட்டியை அணைத்துவிட்டார். அப்பா இரண்டு மணி நேரம் தூங்கினார். குறட்டை. இதுவரை கேட்டதிலேயே நல்ல பாட்டு அதுதான்.

மார்ச் 12

நான்கு நாளில் அனுப்பியவை: கழுதை, ரிவர்ஸ் எடுக்கிற லாரியின் கூவல், அழும் குழந்தை, ஒரு பெரிய ஏப்பம். டமாரத்துக்குப் பெட்டியில் பேய் புகுந்துவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து பேய் ஓடிவிட்டது. அப்பா நேற்று ஐந்து மணி நேரம், இன்று ஆறு. மரச்சில்லைக் குப்பையில் போட்டுவிட்டதாக அம்மாவிடம் சொன்னார். ரெண்டு கையாலும் அழுத்துகிறாராம்.

இதைச் செய்தவள் நான் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தால் விழா எடுப்பார்கள். எடுக்கட்டும், ஒரு இருபது வருடம் கழித்து.

மார்ச் 14

எழுத்து கோணலாக வருகிறது.

காலை பதினொன்றுக்கு ஏப்பத்தை அனுப்பினேன். டமாரத்தின் குரல்: "போனைக் குடுடா. உன் போன்லேருந்துதானே வருது?" ஹெல்மெட்: "நான் எதுவுமே தொடலைண்ணே." "இந்த வீட்ல ரெண்டே போனு. ஒண்ணு என் கையில இருக்கு."

நான் தலையணையில் வாயை அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை எழுத வேண்டும். சிரித்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே இன்னொரு ஏப்பம் அனுப்பினேன்.

அப்புறம் சுவரில் ஏதோ மோதியது. பாட்டு இல்லாமலே தாளம். ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் நாற்காலி என்று நினைத்தேன். நாற்காலி "அண்ணே, வேணாண்ணே" என்று சொல்லாது. ஆறாவது அடிக்கு அதுவும் சொல்லவில்லை. எங்கள் பக்கச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி கழன்று விழுந்து உடைந்தது. அப்பா அதற்கும் எழவில்லை. இத்தனை நாள் தூக்கத்தைச் சேர்த்து வைத்துத் தூங்குகிறார்.

எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். நான்தான் அதைச் செய்தேன் என்று மூன்று சொல் போதும். போகலை.

மேல்மாடி அக்காதான் ஆளைக் கூட்டிவந்து ஹெல்மெட்டைத் தூக்கிப்போனார். முதன்முதலாக அவர் தலையைப் பார்த்தேன். தாடை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 15

ஒரு சத்தமும் இல்லை. அப்பா எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, "வாலு, இன்னிக்குத்தான்டி மனுஷனா இருக்கேன்" என்று என் தலையைத் தட்டினார்.

மார்ச் 16 - காலை

டமாரம் மறுபடி பெட்டியைப் போட்டுவிட்டார். தம்பி ஆஸ்பத்திரியில், அண்ணனுக்குப் பாட்டு. நான் இனி அந்தப் பெட்டியைத் தொடமாட்டேன். சத்தியம்.

மார்ச் 18

பதினாறாம் தேதி நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

சலவைக் கடையில் வேலையாக இருந்த அம்மா எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதை அழுத்தினேன். என் போனிலிருந்து சத்தம் வரவில்லை. சுவரிலிருந்து வந்தது. "வாலு, அப்பா தூங்குறாரு. கேஸ்காரர் வந்தா பெல் அடிக்க விடாத, வாசல்லயே நில்லு." அம்மாவின் குரல், டமாரத்தின் வீட்டில், முழுச் சத்தத்தில். நான் ப்ளூடூத்தை அணைக்கவே இல்லை. பெட்டி தானாகவே என் போனைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் அதைத் தொடவில்லை, அது என்னைத் தொட்டது.

கதவு உடைகிற மாதிரி இடி. அப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்த் திறந்தார்.

"உன் பொண்ணுதான்டா அத்தனையும் பண்ணது. அவளால என் தம்பி வாயைத் தைச்சு வச்சிருக்காங்க. அவளை வெளிய அனுப்பு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். தூக்கம் இன்னும் கண்ணிலேயே இருந்தது. "நீயாம்மா?"

"நான் இல்லப்பா."

மூணு சொல்கூட இல்லை. ரெண்டு.

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்றார் அப்பா. இதற்கு முன்னால் அவர் அப்படிச் சொன்னதே இல்லை. நாளைக்கு நாலு பொய் சொல்கிறவள் நான், அது அவருக்கும் தெரியும்.

டமாரம் அப்பாவைத் தாண்டி என் முடியைப் பிடித்து இழுத்தார். கொத்தாகக் கையோடு வந்தது. அப்பா கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புத் தடியை எடுத்து அவர் தோளில் இறக்கினார். எலும்பு முறிகிற சத்தம் சுள்ளி ஒடிகிற மாதிரிதான் இருக்கிறது. இன்னொரு அடி முதுகில். டமாரம் கத்திக்கொண்டே தன் வீட்டுக்குள் ஓடினார். அப்பா விடவில்லை. "பிள்ளை மேலயா கை வைக்கிற" என்று துரத்திப்போய், கதவை மூடவிடாமல் வலது கையால் நிலையைப் பிடித்தார்.

டமாரம் முழு உடம்பையும் கொடுத்துக் கதவைச் சாத்தினார். இரும்புக் கதவு. திறந்து, மறுபடி சாத்தினார்.

அப்பா கத்தவில்லை. கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "பார்க்காதம்மா, திரும்பிக்கோ" என்றார்.

மார்ச் 20

மூன்று விரல்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

எட்டரை ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எப்போதும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவர், ஒரு கிண்டலும் இல்லை. "மெஷின்கிட்ட தப்பிச்சவன்" என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 27

போலீஸ்காரர் இரண்டு வீட்டையும் உட்காரவைத்து, அடி ரெண்டு பக்கமும் இருக்கு, சமாதானமாப் போங்க என்று எழுதி வாங்கிக்கொண்டார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மேல்மாடி அக்கா மட்டும், "பச்சைப்புள்ள மேல பழியைப் போட்டான் பாரு, பாவி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தோளில் கட்டோடு டமாரம் படியில் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார். அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 2

பிரஸ்ஸுக்கு இனி அப்பா இல்லை. இரண்டு பொத்தானுக்கு இரண்டு உள்ளங்கை வேண்டும். கம்பெனி வாசலில் பகல் காவல் தருகிறார்களாம். முழுக்கைச் சட்டை, சீருடை.

ஏப்ரல் 11

ஹெல்மெட் தன் சாமான்களை எடுத்துப்போக வந்தார். பற்களைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. மாடிப்படியில் என்னை நிறுத்திப் போனில் தட்டிக் காட்டினார்.

"நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியும். அப்போ நீதான்."

தலையாட்டினேன்.

"கழுதை நல்லா இருந்துச்சு."

மன்னிச்சிருங்கண்ணா என்றேன். அவர் மறுபடி தட்டினார். "உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

ஏப்ரல் 12

இல்லை.

ஏப்ரல் 15

இன்றும் இல்லை. நாளையும் இப்படியே எழுதினால் இந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

ஏப்ரல் 20

சட்டையின் மற்ற பித்தான்களை அப்பாவே இடது கையால் போட்டுக்கொள்கிறார். இடது கையின் மணிக்கட்டுப் பித்தானை மட்டும் போட முடியாது. அதற்கு வலது கை வேண்டும். அது என் வேலை. தினமும் ஆறேகாலுக்கு வாசலில் நின்று கையை நீட்டுவார்.

இன்று நீட்டினார். பித்தானைப் பிடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அப்பா, அது நான்தான். கழுதை, ஏப்பம், எல்லாம். அன்னிக்கு நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

அப்பா கையை இழுத்துக்கொண்டார். மெதுவாகத்தான். என்னைப் பார்க்கவில்லை. பித்தான் போடாமலே வேலைக்குப் போனார். படியில் இறங்கும்போது சட்டைக்கை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 21

தாமே பல்லால் கடித்துப் போட முயன்றார். முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

ஏப்ரல் 26

அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்.

மே 3

ஆறேகால். அம்மா அடுப்படியில்தான் இருந்தாள். அப்பா அவளைக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று, வெளியே பார்த்தபடி, கையை நீட்டினார்.

போட்டுவிட்டேன்.